குறுக்கே இருந்த கொடி

இயற்கைக் காட்சிப் படங்களில் எக்ஸ்போஷரை எப்படிச் சரியாக வைப்பது, பிரேமை எப்படி அமைப்பது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர், என்ன ஷட்டர் வேகம் என்று குறித்துக்கொள்ள யாராவது நோட்டைத் திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். அதெல்லாம் கேமராவோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன். முப்பது வருஷம் தொழிலில் இருந்தவன் என்ற மரியாதையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்த பிறகு அந்த மரியாதை எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குச் சேலத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. சோறு போட்டது கல்யாணங்களும் பாஸ்போர்ட் படங்களும்தான். மலையும் வயலும் எடுப்பது என் ஆசைக்கு. அந்த ஆசைக்கும் ஒருவர் வேலை கொடுத்தார். கொல்லிமலை அடிவாரத்து ஊரில் மிளகு மண்டி வைத்திருந்த பாய். வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குத் தினசரிக் காலண்டர் கொடுப்பார். மேலே அட்டையில் ஒரு படம், கீழே தேதி கிழிக்கும் தாள்கட்டு. எல்லாரும் சாமி படமும் குழந்தை படமும் போட்டுக்கொண்டிருந்தபோது பாய்க்கு மட்டும் மலைப் படம் வேண்டியிருந்தது. “நமக்குச் சோறு போடுற மலைங்க தம்பி. அதையே போட்டுருவோம்” என்றார்.

தொண்ணூற்றேழில் முதல் தடவை போனேன். மூடுபனி வயலுக்கு மேல் பஞ்சு போலக் கிடந்தது. கேமராவின் ஒளி மீட்டர் காட்டிய அளவை அப்படியே வைத்து ஒரு ரோல் முழுவதையும் எடுத்தேன். கழுவி வந்ததைப் பார்த்தால் பனி எல்லாம் சாம்பல். பாய் அந்த ஸ்லைடு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, நெல்லு அவிக்கிற புகையைப் போயிப் புடிச்சுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?” என்று கேட்டார். மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் சிரித்தார்கள். அந்த வருஷம் காலண்டரில் ரோஜாப்பூ வந்தது.

தப்பு எளிமையானது. மீட்டருக்குப் பனி என்றும் தெரியாது, கரி என்றும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளையான ஒன்று பிரேமை நிறைத்திருந்தால் மீட்டர் சொல்வதைவிட ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். இன்று உங்கள் கேமராவின் முதுகிலேயே படம் தெரிகிறது. நாங்கள் ஒரு வாரம் கழித்து லேபில்தான் அவமானப்படுவோம். ஆனால் அந்த அவமானத்தில் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கிற மாதிரியான அவமானம் அது.

சிரிக்க முடியாதது அடுத்த வருஷம் நடந்தது.

தொண்ணூற்றெட்டு ஐப்பசி. பாய் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். பத்து நாளில் அச்சுக்குப் போக வேண்டும். மலை மேல் அரியூர் நாடு என்ற பகுதியில் ஒரு குக்கிராமத்தில் தங்கி மூன்று நாள் அலைந்தேன். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் விடியலில் மழை விட்டிருந்தது. நான் முந்தின நாளே பார்த்து வைத்திருந்த இடத்துக்குப் போனேன். மேட்டில் ஒரு பலாமரம். அதற்குக் கீழே படிப்படியாக நெல் வயல். வயலுக்கு மேல் பனி. அந்தப் பக்கம் மலை முகடு. இடது ஓரத்தில் பலாமரத்தை வைத்து எடுத்தால் படம் தயார்.

ஒரு படம் எடுத்தேன். போன வருஷப் பாடம் நினைவிருந்ததால் ஒன்றரை ஸ்டாப் திறந்து வைத்து எடுத்தேன். அப்புறம் வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. மரத்தின் மேல் ஒரு கொடி ஏறியிருந்தது. நல்ல தடித்த கொடி. அடிமரமே தெரியாமல் இலை மொத்தமாகப் புடைத்து, பிரேமுக்குள் வயலின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டு நின்றது.

நான் தொழில் பழகிய இடத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். “ஷட்டரை அமுக்கறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் பாரு. வேண்டாதது இருந்தா எடுத்துடு” என்பது அவர் வாய்ப்பாடு. அவர் சொன்னது நகர்ந்து நின்று பிரேமிலிருந்து எடுத்துவிடு என்று. எனக்கு அது வேறு மாதிரி பழகிப்போயிருந்தது. கேமராப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். லென்ஸுக்குக் குறுக்கே ஆடும் புல்லை அறுப்பேன், நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை ஒடிப்பேன். எங்களில் நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் இருந்தது. காட்டில்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம்.

கத்தியை எடுத்து அந்தக் கொடியை இடுப்பு உயரத்தில் அறுத்தேன். கட்டைவிரல் தடிமன் இருந்தது. சுலபத்தில் அறுபடவில்லை. அறுத்த பிறகு மரத்தைப் பற்றியிருந்த வேர்களைப் பிய்த்துப் பிய்த்து, மேலே எட்டும் வரை இழுத்துப் போட்டேன். இலைகளுக்கு நடுவே பச்சைப் பச்சையாகச் சரம் தொங்கியது. அதைப் பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்டால், பார்த்தேன். மிளகு என்று தெரியாது. மளிகைக் கடையில் இருக்கும் கறுப்பு மிளகைத் தவிர வேறு மிளகை நான் பார்த்ததில்லை. ஆனால் ஏதோ காய்த்திருக்கிறது என்பது தெரிந்தது. காய்த்திருக்கிற ஒன்றுக்கு ஆள் இருப்பான் என்று நினைக்க ஒரு நிமிஷம் போதும். வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரத்தில் அந்த ஒரு நிமிஷத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவசரப்பட்டும் வெளிச்சம் நிற்கவில்லை. அறுத்து இழுத்துப் போட்டதில் இருபது நிமிஷம் போய்விட்டது. அதற்குள் சூரியன் முகட்டைத் தாண்டியிருந்தது. பனிக்காகத் திறந்து வைத்திருந்த அளவை மாற்றாமல் மிச்ச ரோலையும் எடுத்தேன். அந்தப் படங்கள் எல்லாம் வெந்துபோய் வெள்ளைத் தாளாக வந்தன என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்று காலை எனக்கு ஒரே குஷி.

முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு சோளக்காடு என்ற சந்தை ஊருக்கு வந்தேன். மலை இறங்கும் பஸ் நின்றுகொண்டிருந்தது. கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே ரோட்டோரத்தில் ஒருவர் மலைவாழைத் தார்களை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் பெயர் வெள்ளையன் என்பது சற்று நேரத்தில் அந்தக் கடைவீதிக்கே கேட்டது. ஏனென்றால் அவரைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். தோளில் ஒரு கொடியைச் சுருட்டிப் போட்டிருந்தார். பச்சைச் சரங்கள் அவர் முதுகில் ஆடின. அதைக் கொண்டுவந்து வாழைத் தார்களின் மேல் எறிந்தார்.

“இப்ப உனக்கு வெயில் உழுவுமாடா? போ, போயி நெல்லக் காய வெச்சுக்கடா.”

வெள்ளையன் திகைத்துப்போய் எழுந்தார். “என்னங்கண்ணா இது?”

“என்னங்கண்ணாவா? எட்டு வருசமாக் கொடம் கொடமாத் தண்ணி ஊத்தி வளத்த கொடிடா. இடுப்பளவுல அறுத்துருக்கற. நெழலு உழுவுது, மரத்தக் கழிச்சு உடுன்னு போன மாசம் நீதான் கேட்ட. நான் மாட்டேன்னேன். வஞ்சம் வெச்சு அறுத்துப்போட்டியா?”

“அண்ணா, நெழலு உழுவுதுன்னு சொன்னது நெசந்தானுங்க. கொடியில கைய வெப்பனுங்களா? அம்மா மேல சத்தியமா நான் அறுக்கலீங்க.”

“அம்மா பேர எடுக்காத. அந்தப் பக்கம் உன்னத் தவுத்து ஆருடா வருவா?”

கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் பொன்னுசாமி என்றும், பாகம் பிரித்தபோது அந்தப் பலாமரம் இருவருக்கும் நடு வரப்பில் நின்றதென்றும், அதன் நிழல் தம்பி வயலில் விழுமென்றும், மரம் பொதுவில், கொடி அண்ணனுடையது என்றும் பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளக்கினார். நான் கேட்காமலே விளக்கினார். டீ டம்ளரைப் பிடித்திருந்த என் விரல் நகங்களில் அந்தக் கொடியின் சாறு காய்ந்து கறுத்திருந்தது. ஐந்து தப்படி தூரம். எழுந்து போய், “நான்தாங்க அறுத்தேன், தெரியாமல் செய்துவிட்டேன்” என்று சொல்லியிருந்தால் நாலு அடி விழுந்திருக்கும். கேமராவைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். ரோல் போயிருக்கும், காலண்டர் போயிருக்கும். இதையெல்லாம் நான் கணக்காக யோசித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பதறிப்போய் ஓடியிருந்தால்கூட மன்னித்துக்கொள்வேன். நான் பதறவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். டம்ளரை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பஸ் திரும்பும்போது வெள்ளையன் அந்தக் கொடியைக் கையில் எடுத்து, அறுத்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

இப்போது தொழில் விஷயம் ஒன்று. கழுவி வந்த ரோலில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு படம். கொடியை அறுக்கும் முன் எடுத்த முதல் படம். பனி பனியாக இருந்தது. வயல் பச்சை சொட்டியது. நான் குறை என்று நினைத்த கொடிதான் அந்தப் படத்தைத் தாங்கி நின்றது. இடது ஓரத்தில் அந்த இருண்ட இலைக் குவியல் இல்லாவிட்டால் பார்க்கிறவன் கண் நேராக வயலில் இறங்கி வெளியே போய்விடும். அறுத்த பிறகு எடுத்த படங்களில் அந்த வெள்ளைக்கு நடுவே பலாமரம் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறது. ஒன்று குறுக்கே இருக்கிறது என்று தோன்றினால், முதலில் இரண்டு அடி நகர்ந்து பாருங்கள். உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் அது ஏன் அங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பேர் அந்த மூன்றாவதைச் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

பாய் படத்தைப் பார்த்ததும் என் முதுகில் தட்டினார். “தம்பி, பனியை விடுங்க. மிளகுக் கொடி எப்படிக் காச்சுருக்குது பாருங்க!” என்றார். நான் சிரித்து வைத்தேன். காலண்டர் அச்சாகி ஊர் முழுக்கப் போயிற்று.

அடுத்த வருஷ ஐப்பசியில் பாய் போன் பண்ணினார். “நம்ம மண்டிக்கு மிளகு போடுற ஒருத்தரு, காலண்டர்ல இருக்கறது எங்க மரம்னு சொல்றாரு. எடுத்தவரக் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாருங்க. ஜீப் எடுக்கறேன், வாங்க.” போகாமலிருக்க எனக்கு ஆயிரம் சாக்கு இருந்தது. ஒன்றைக்கூடப் பாயிடம் சொல்லாமல் ஜீப்பில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இறங்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பொன்னுசாமி எங்களை எதிர்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது. தேதித் தாளெல்லாம் அதற்குள் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். அட்டை மட்டும், படத்துக்குப் பாலிதீன் காகிதம் ஒட்டி, பொட்டு வைத்து மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட ஒரு படம். வயதான அம்மாள்.

“அம்மா மாசி மாசம் போயிட்டாங்க” என்றார் பொன்னுசாமி. “வாங்க சார், உக்காருங்க. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. அந்தக் கொடி இப்ப இல்லீங்க. அறுத்துப்போட்டுட்டான். அது காச்சு நின்னது இனி இந்தப் படத்துல மட்டுந்தானுங்க. நீங்க தெய்வமாட்டம் வந்து எடுத்து வெச்சுருக்கறீங்க.”

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் டம்ளரைத் தொடவில்லை. யார் அறுத்தது என்று பாய் கேட்டார்.

“வேற ஆருங்க, என் தம்பிதான். அம்மா போனப்ப வந்தான். ஊட்டுக்குள்ள உடலீங்க நானு. வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போனான். பாடை தூக்கவும் உடலீங்க.” என் பக்கம் திரும்பினார். “அதுக்குத்தான் சார் உங்களப் பாக்கோணும்னு சொன்னேன். நீங்க படம் எடுத்தது போன ஐப்பசியிலதானுங்களே? அந்தப் பக்கம் அவன் வந்ததப் பாத்தீங்களா? கையில கத்தி கித்தி? இன்னும் இல்லைன்னுதான் சாதிக்கறான். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா ஊர்ல வெச்சுக் கேட்டுருவேன்.”

உண்மையைச் சொல்கிறேன். “பார்க்கவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் பொய்யில்லையே என்றுகூட மனசு எடுத்துக் கொடுத்தது. நெருக்கடி வரும்போது நம் புத்தி முதலில் நம்மைத் தப்பிக்க வைக்கத்தான் வேலை செய்யும். நல்ல முடிவு எடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான், அதுவும் நாம் விட்டால். மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். வாய் தானாக, “நான்தாங்க அறுத்தேன்” என்றது.

பொன்னுசாமிக்குப் புரியவில்லை. பாய்தான் முதலில் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்தப் படத்தை எடுத்த பிறகு நான்தாங்க கத்தியால் அறுத்தேன். மிளகுன்னு தெரியாது. சோளக்காட்டுல நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டப்ப அங்கதான் உட்கார்ந்திருந்தேன். பயந்துட்டுப் பஸ் ஏறிட்டேன்.”

“எதுக்குங்க அறுத்தீங்க?”

“படத்துக்குக் குறுக்கே இருந்துதுங்க.”

என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொட்டு வைத்த அந்தப் படத்தைப் பார்த்தாரா, அம்மாவைப் பார்த்தாரா, தெரியவில்லை. பிறகு எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

“எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. அவங்கிட்ட வந்து சொல்லுங்க.”

வயல் வழியாகத்தான் போனோம். பலாமரத்தைத் தாண்டும்போது நான் தலை நிமிரவில்லை. வெள்ளையன் தன் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் தன் வரப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டார். நான் மட்டும் இறங்கிப் போய், வீட்டில் சொன்னதை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்து, மன்னிச்சுருங்க என்று கையைக் கூப்பினேன். எனக்குள் என்ன எதிர்பார்ப்பு இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இனி இவர்கள் சேர்ந்துவிடுவார்கள், தாமதமானாலும் நான் சரி செய்துவிட்டேன் என்று எங்கோ ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்த்தது.

வெள்ளையன் என்னைத் திட்டவில்லை. என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வரப்பைப் பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, நான் சொன்னப்ப நம்பலை. அம்மா மேல சத்தியம் பண்ணினேன், அப்பவும் நம்பலை. இவரு ஆருன்னே நமக்குத் தெரியாது. இவரு வந்து சொன்னதும் நம்பிட்டீங்களா?”

பொன்னுசாமி, “கண்ணு...” என்று ஆரம்பித்தார்.

இதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. சோளக்காட்டில் அன்றைக்கே எழுந்திருந்தால் அது ஒரு கொடி அறுந்த விஷயம். கால் மணி நேரச் சண்டை. அண்ணன் தம்பியைப் பார்த்து, கோவத்தில் சொல்லிட்டேன்டா என்று சொல்லியிருப்பார், முடிந்திருக்கும். ஒரு வருஷம் கழித்து நான் கொண்டுவந்த உண்மை, கூடப்பிறந்தவனின் வாக்கு ஒரு வருஷமாக எடுபடவில்லை என்பதைத்தான் நிரூபித்தது. உங்களில் யாராவது என்றைக்காவது இப்படி ஒன்றைச் செய்துவிட்டால், அடியோ உதையோ, அங்கேயே சொல்லிவிடுங்கள். ஸ்லைடைப் போலத்தான் இதுவும். வெந்து வெள்ளையான இடத்தில் அப்புறம் எதையும் கொண்டுவர முடியாது.

பாய் வரப்பிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து, போகலாம் என்று இழுத்தார். திரும்பினோம். நாலு எட்டு வைத்திருப்போம், பின்னால் வெள்ளையனின் குரல் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை கோபமில்லாமல், ஊர் சங்கதி விசாரிப்பது போலக் கேட்டார்.

“அண்ணா, அம்மாவும் நான்தான் அறுத்தேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போச்சா?”

பொன்னுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளையன் அதைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, பாதி பிடுங்கியிருந்த கிழங்கை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார்.